ஸ்ட்ராங் எபிரெய எண்கள்: ‘ஹெஸெத்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு மதிப்பீடு

எபிரெயம் தெரியாமல் பழைய ஏற்பாட்டுச் சொல் ஒன்றின் மூலத்தைத் தேடுகிறவர்கள் எந்தச் செயலியைத் திறந்தாலும், எந்த இணையதளத்துக்குப் போனாலும், கடைசியில் வந்து நிற்பது ஸ்ட்ராங் எண்ணில்தான். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியிலிருந்து வந்தவை இந்த எண்கள். கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தின் சொற்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் வரும் வசனங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எபிரெய, அரமேயச் சொற்களுக்கு 8674 வரையும், கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் எண் போட்டார். கூடவே ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு மூன்று வரியில் ஒரு விளக்கமும் எழுதிவைத்தார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எண் அருமையான கருவி. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கம் அரைகுறை. பலரும் விளக்கத்தைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எண்ணை வைத்துச் செய்யவேண்டிய வேலையைச் செய்வதில்லை.

சோதனைக்கு எடுத்த சொல் ஹெஸெத், எண் 2617. எபிரெய வேதாகமத்தில் ஏறத்தாழ 250 இடங்களில் வருகிறது. அதில் பாதி சங்கீதங்களில். 136-ம் சங்கீதத்தின் 26 வசனங்களும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று முடிகின்றனவே, அந்தக் கிருபை இதுதான். பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் ‘பேரன்பு’ என்று இருக்கும்.

தமிழ் வாசகருக்கு இந்த எண் ஏன் தேவைப்படுகிறது என்று பார்க்க யாத்திராகமம் 34:6, 7 போதும். பழைய திருப்புதலில் ஆறாம் வசனம்: “இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமும் உள்ள தேவன்.” ஏழாம் வசனம்: “ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர்.” ஹெஸெத் என்றால் கிருபை என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பவர் ஆறாம் வசனத்தின் ‘கிருபை’யில் கைவைப்பார். அது தவறு. அங்கே இருப்பது ஹன்னூன், எண் 2587. ‘தயை’ என்று இருப்பதுதான் ஹெஸெத். ஏழாம் வசனத்தில் ‘இரக்கம்’ என்று இருப்பதும் ஹெஸெத்தான். ஆனால் ஆறாம் வசனத்தின் ‘இரக்கம்’ வேறு சொல்: ரஹூம், எண் 7349. அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் ஒரே தமிழ்ச்சொல் இரண்டு எபிரெயச் சொற்களுக்கும், ஒரே எபிரெயச் சொல் இரண்டு தமிழ்ச்சொற்களுக்கும் வந்திருக்கிறது. இது மொழிபெயர்ப்பின் குற்றம் இல்லை. எந்த மொழியிலும் இப்படித்தான் நடக்கும். கிங் ஜேம்ஸும் ஆறாம் வசனத்தில் ஒரு சொல், ஏழில் வேறொன்று என்று மாற்றித்தான் போட்டிருக்கிறது. தமிழ்ச் சொல்லை வைத்துத் தொகுத்த ஒத்தவாக்கிய அகராதியில் ‘கிருபை’ என்ற தலைப்பின் கீழ், நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் கிடைத்த கிருபையும் (ஆதியாகமம் 6:8, அது ஹென், எண் 2580), 136-ம் சங்கீதத்தின் கிருபையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்தச் சிக்கலைப் பிரித்துக்கொடுப்பதில் ஸ்ட்ராங் எண்ணுக்கு இணையான எளிய வழி இல்லை.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். தமிழில் வசனத்தைப் பிடித்து, அதே வசனத்தைக் கிங் ஜேம்ஸில் திறக்க வேண்டும். ப்ளூ லெட்டர் பைபிள் தளத்தில் வசனத்தின் பக்கத்தில் இருக்கும் ‘டூல்ஸ்’ பொத்தானை அழுத்தினால் ‘இன்டர்லீனியர்’ விரியும். ஆங்கிலச் சொல், எண், எபிரெயச் சொல் மூன்றும் ஒரே வரிசையில் தெரியும். கேம்பிரிட்ஜ் டிண்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிளில் சொல்லின்மேல் சுட்டியை வைத்தாலே போதும். இரண்டும் இலவசம்.

இந்த முதல் படியிலேயே வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. தமிழ் வாக்கியத்தின் சொல் வரிசையும் ஆங்கிலத்தின் வரிசையும் ஒன்றல்ல. “தமிழில் இரண்டாவதாக வருவது ஆங்கிலத்திலும் இரண்டாவதாக இருக்கும்” என்று எண்ணி எடுத்தால் பக்கத்துச் சொல்லின் எண் கைக்கு வரும். 51-ம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: “தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும், உமது மிகுந்த இரக்கங்களின்படி…” எபிரெயத்திலும் கிங் ஜேம்ஸிலும் ‘இரங்கும்’தான் முதலில் வருகிறது (ஹானன், 2603), பிறகு ஹெஸெத், பிறகு ‘இரக்கங்கள்’ (ரஹமீம், 7356). தமிழில் இரங்கு, இரக்கம் இரண்டும் ஒரே வேர். எபிரெயத்தில் ஹானனுக்கும் ரஹமீமுக்கும் வேர்த்தொடர்பே இல்லை. எண்ணைப் பார்க்காமல் தமிழை மட்டும் வைத்து “தாவீது ஒரே சொல்லை இருமுறை சொல்கிறான்” என்று எழுதினால் அடித்தளமே ஆடிவிடும்.

அதே சங்கீதத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எபிரெயப் பதிப்புகளில் சங்கீதத்தின் தலைப்பு வாசகத்துக்கும் வசன எண் உண்டு. நமக்கு 51:1 என்பது அங்கே 51:3. யோவேல் புத்தகத்தில் அதிகாரப் பிரிவே வேறு: நமக்கு 2:28 என்பது அங்கே 3:1. எபிரெய எண்வரிசையைப் பின்பற்றும் பதிப்பில் தேடும்போது “இந்த வசனத்தில் அந்தச் சொல்லே இல்லையே” என்று குழம்புகிறவர்கள் முதலில் இரண்டு வசனம் முன்னும் பின்னும் பார்க்கலாம்.

எண்ணைத் தட்டச்சு செய்யும்போது எபிரெயம் என்பதற்கான முன்னெழுத்தைச் சேர்க்காமல் விட்டால் வேறொரு வேடிக்கை. எபிரெய வரிசைக்கு ஒன்று, கிரேக்க வரிசைக்கு ஒன்று என இரண்டு 2617 இருக்கின்றன. கிரேக்க 2617 ‘வெட்கப்படுத்து’ என்று பொருள்படும் வினைச்சொல். ஹெஸெத்துக்கே ‘வெட்கம்’ என்ற அபூர்வப் பொருள் ஒன்று இருப்பதால் (கீழே வருகிறது) இந்தத் தவறு தவறாகவே தெரியாது என்பதுதான் ஆபத்து.

உச்சரிப்பு: ஸ்ட்ராங் இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும் விதத்தைப் பார்த்தால் ‘செசெட்’ என்று படிக்கத் தோன்றும். முதலெழுத்து தொண்டையின் அடியில் உரசி வரும் ஹகரம். ககரமும் அல்ல, சகரமும் அல்ல.

இப்போது விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2617-க்கு ஸ்ட்ராங் எழுதியிருப்பது மூன்று துண்டுகள். முதலில் ‘2616-லிருந்து வந்தது’ என்ற வேர்க்குறிப்பு. அடுத்து பொருள்: தயவு, தேவனை நோக்கியதானால் பக்தி, அபூர்வமாக, எதிர்ப்பொருளில், கண்டனம், அல்லது அழகு. அதற்குப் பிறகு ஒரு முக்காற்புள்ளி மாதிரிக் குறியும் கோடும். கோட்டுக்குப் பின்னால் வருபவை பொருள்களே அல்ல. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லுக்குப் போட்ட ஆங்கிலச் சொற்களின் பட்டியல் அது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் “இந்தச் சொல்லுக்கு மூலத்தில் பத்து அர்த்தம் இருக்கிறது” என்று அடுக்குவது மிகப் பரவலான பிழை. அந்தப் பட்டியலில் பெருக்கல் குறி வந்தால், எபிரெய மரபுத்தொடரை ஆங்கிலத்தில் வேறு மாதிரி சொன்னதால் வந்த சொல் என்று கொள்ள வேண்டும். கூட்டல் குறி வந்தால், அந்த ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட எபிரெயச் சொற்கள் சேர்ந்து தந்தது. சில மின்பதிப்புகள் இந்தக் குறிகளை எடுத்துவிடுகின்றன அல்லது சொல்லாக மாற்றிவிடுகின்றன. குறி போனால் பட்டியலின் பாதி அர்த்தம் போய்விடும்.

பட்டியலுக்கு எண்ணிக்கையும் தேவை. கிங் ஜேம்ஸில் ஹெஸெத்துக்கு இரக்கம் என்ற பொருளுள்ள சொல் ஒன்றே 149 இடங்களில் வருகிறது. தயவு என்ற பொருளுள்ளது 40. ‘அன்பான தயவு’ போன்ற கூட்டுச்சொல் 30. அந்தக் கூட்டுச்சொல் 1535-ல் மைல்ஸ் கவர்டேல் தன் ஆங்கில வேதாகமத்துக்காக உண்டாக்கியது. மறுபக்கம், ‘இழிவு’, ‘பொல்லாத காரியம்’ போன்றவை ஒவ்வோர் இடத்தில் மட்டும். ஸ்ட்ராங்கின் அச்சுப் பட்டியலில் 149 முறை வந்ததும் ஒரே முறை வந்ததும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. ப்ளூ லெட்டர் பைபிள் பக்கத்தில் எண்ணிக்கையும் கூடவே இருக்கும். அதற்காகவே அதைத் திறக்கலாம்.

விளக்கத்தின் பலவீனம் முழுதாகத் தெரிவது வேர்க்குறிப்பில். 2616-ஐத் திறந்தால், ‘ஒருவேளை சமமானவருக்கு மரியாதையாகக் கழுத்தை மட்டும் வளைத்தல்’ என்ற கருத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘ஒருவேளை’ என்று ஸ்ட்ராங்கே எழுதியிருக்கிறார். பிரசங்கக் குறிப்புகளில் அந்த ‘ஒருவேளை’ உதிர்ந்துபோய், “ஹெஸெத் என்றால் மூலத்தில் கழுத்தை வளைத்துக் குனிதல்” என்று உறுதியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த வினைச்சொல் எபிரெய வேதாகமத்தில் மொத்தமே மூன்று இடங்களில்தான் வருகிறது: 2 சாமுவேல் 22:26, அதன் இணைப்பாடலான சங்கீதம் 18:25, நீதிமொழிகள் 25:10. மூன்றில் எங்கும் கழுத்தும் இல்லை, குனிதலும் இல்லை. இரண்டில் ‘தயவுள்ளவனாகக் காட்டுதல்’, மூன்றாவதில் ‘நிந்தித்தல்’. வேரின் கற்பனைப் பொருளைக் கிளைச்சொல்லின் மேல் ஏற்றும் இந்தப் பழக்கத்தை வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1961-லேயே கடுமையாக விமர்சித்துவிட்டார். இதே குடும்பத்தில் 2624 ஹஸீதா என்பது நாரை. நாரையை வைத்து யாரும் ஹெஸெத்துக்கு விளக்கம் சொல்வதில்லை. கழுத்தை வைத்துச் சொல்வதும் அதே அளவுக்குத்தான் நிற்கும்.

அடுத்த குறை, ஒரே எண்ணுக்குள் இரண்டு சொற்கள். லேவியராகமம் 20:17 சகோதரியோடு கூடும் பாவத்தைச் சொல்லிவிட்டு “அது ஹெஸெத்” என்கிறது. நீதிமொழிகள் 14:34, “பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி” என்பதில் இகழ்ச்சியும் ஹெஸெத். தயவு என்ற சொல் எப்படி இகழ்ச்சி ஆனது? ஸ்ட்ராங் ‘எதிர்ப்பொருளில்’ என்று ஒரு பாலம் கட்டிப் பார்க்கிறார். பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் மூவரும் தொகுத்து 1906-ல் முடித்த பேரகராதி இவற்றை உருவில் ஒன்றான இரண்டு தனிச் சொற்களாகப் பிரித்துவிடுகிறது. இகழ்ச்சி என்ற பொருள் அரமேயத்தில் வழக்கமானது. நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் வேதாகமத்தின் ஒத்தவாக்கியத்தில் 2617 இரண்டு கிளையெண்களாகப் பிரிந்திருக்கிறது. ஸ்டெப் பைபிளும் இப்படி எழுத்துச் சேர்த்த எண்களைப் பயன்படுத்துகிறது. பழைய ஒற்றை எண் மட்டும் காட்டும் செயலியில் இரண்டும் கலந்தே வரும். அதை வைத்து “தேவனுடைய கிருபைக்குள் கண்டனமும் அடங்கியிருக்கிறது” என்று தத்துவம் கட்டுவது, ‘ஆறு’ என்ற நதிக்குள் எண்ணைத் தேடுவதற்குச் சமம்.

எண் காட்டாத வேறு சிலவும் உண்டு. சொல் ஒருமையா பன்மையா என்று எண்ணில் தெரியாது. ஏசாயா 55:3-ல் தாவீதுக்கு அருளப்பட்டவை பன்மை; தமிழிலும் ‘கிருபைகள்’ என்றே இருக்கிறது. புலம்பல் 3:22-லும் எபிரெயம் பன்மைதான். தமிழ் ‘கிருபையே’ என்று ஒருமையில் சொல்கிறது. இரண்டுக்கும் எண் அதே 2617. ‘அவருடைய’, ‘உம்முடைய’ என்று ஒட்டிவரும் விகுதிகளும் இதில் அகப்படாது. பெயர்ச்சொல்லில் இவை சிறிய இழப்பு. வினைச்சொல்லில் பெரிய இழப்பு: எபிரெய வினை எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறும். எண் 3513 காபேத் என்ற வினை ஒரு வடிவில் ‘கனமாயிரு’, இன்னொன்றில் ‘கனப்படுத்து’, வேறொன்றில் ‘கனமாக்கு’. ஸ்ட்ராங் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார். எந்தப் பொருள் எந்த வடிவுக்கு என்று சொல்வதில்லை. ஆகவே வினைச்சொல் ஆராய்ச்சிக்கு ஸ்ட்ராங் விளக்கத்தை மட்டும் நம்பி இறங்கவே வேண்டாம்.

அப்படியானால் எண்ணை வைத்து என்னதான் செய்வது? 2617 வரும் இடங்கள் அனைத்தையும் எண்ணின்படி வரவழைத்து, வசனங்களை வாசிப்பது. ஆங்கிலச் சொல்லால் தேடக் கூடாது. அதில் ரஹமீமும் கலந்து வரும். 250 இடங்களையும் முதல் நாளே வாசிக்கத் தேவையில்லை. சங்கீதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கதைப் பகுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது. துதிப்பாடலில் சொல் பொதுவாகவே நிற்கும். கதையில் யார், யாருக்கு, எந்த நெருக்கடியில், என்ன செய்தார் என்பது கண்முன் இருக்கும்.

யோசுவா 2:12-ல் ராகாப் வேவுகாரரிடம், நான் செய்த தயவுக்கு நீங்களும் தயவு செய்ய ஆணையிடுங்கள் என்கிறாள். ஆதியாகமம் 40:14-ல் யோசேப்பு பானபாத்திரக்காரனிடம் கேட்பதும் இதையே. 47:29-ல் யாக்கோபு தன்னை எகிப்தில் அடக்கம்பண்ண வேண்டாம் என்று யோசேப்பிடம் வாங்கும் வாக்கும் இதையே. 1 சாமுவேல் 20-ல் யோனத்தான் தாவீதிடம் கேட்டதை 2 சாமுவேல் 9-ல் யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்குத் தாவீது செய்கிறான். ரூத் புத்தகத்தில் மூன்று இடம்: 1:8, 2:20, 3:10. கடைசி இடத்தில் தமிழ் ‘நற்குணம்’ என்கிறது. எண் இல்லாமல் அதை ஹெஸெத் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தாமாகவே தெரியும். ஒன்று, பெரும்பாலும் ‘செய்’ என்ற வினையோடும் (6213) ‘உடன்’ என்ற இடைச்சொல்லோடும் (5973) சேர்ந்து வருகிறது: ஒருவரோடு ஹெஸெத் செய்வது. உணர்ச்சியைவிடச் செயல் முன்னே நிற்கிறது. இரண்டு, செய்கிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையே ஏற்கெனவே ஓர் உறவோ, வாக்கோ, பட்ட நன்றியோ இருக்கிறது. அதே சமயம், செய்யாமல் விட்டால் கேட்க ஆளில்லாத நிலையில் பெறுகிறவர் இருக்கிறார். இது கடமையா, மனமுவந்த உதவியா என்று அறிஞர்களிடையே பழைய விவாதம் உண்டு. நெல்சன் க்ளூக் 1927-ல் உடன்படிக்கைக் கடமையை அழுத்தினார். கேதரின் சேக்கன்ஃபெல்ட் 1978-ல் செய்கிறவரின் சுதந்திரத்தை முன்னே கொண்டுவந்தார். ராகாபின் பகுதியையும் ரூத்தையும் சேர்த்து வாசித்தால் இரண்டு பக்கமும் ஏன் விடாமல் வாதாடுகிறது என்பது புரியும். ஸ்ட்ராங்கின் ‘தயவு’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த விவாதத்தின் வாசனைகூடக் கிடையாது.

எண்வாரித் தேடல் தவறவிடும் இன்னொன்று இணைச்சொற்கள். ஹெஸெத்தும் எமெத்தும் (571, ‘சத்தியம்’, உண்மை) ஜோடியாக அடிக்கடி வரும். யாத்திராகமம் 34:6-ல் அப்படித்தான். யாக்கோபு யோசேப்பிடம் கேட்டதிலும் அப்படித்தான். தனித்தனியே எண்ணைத் திறந்து “தயவு”, “சத்தியம்” என்று இரண்டு தலைப்பு எழுதினால், மாறாத தயவு என்ற ஒரே கருத்து இரண்டாக உடைந்துவிடும். எஸ்தர் 2:17-ல் ஹென்னும் ஹெஸெத்தும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கல்லில் எழுதியதுபோல் பேசுகிறவர்கள் அந்த வசனத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

விளக்கம் தேவைப்படும்போது பிரவுன்-டிரைவர்-பிரிக்ஸ் அகராதிக்குப் போகலாம். ஸ்ட்ராங் எண் இருந்தால் அதில் பக்கம் பிடிப்பது சுலபம். எண் இல்லாவிட்டால் கடினம், ஏனென்றால் அது வேர்வரிசையில் அமைந்தது. மனிதன் மனிதனுக்குச் செய்வது, தேவன் மனிதனுக்குச் செய்வது என்று ஹெஸெத்தைப் பிரித்து வசனங்களோடு தருகிறது. பல தளங்களில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. வசன எண்கள் குறைவாகத் தெரிந்தால் சுருக்கம் என்று புரிந்துகொள்ளலாம். அதற்கும் வயதாகிவிட்டது. எபிரெயத்தின் உறவுமொழியில் எழுதப்பட்ட உகரித் பலகைகளும், சாக்கடல் சுருள்களும் கிடைப்பதற்கு முன்பு எழுதப்பட்டது.

மதிப்பெண் போடச் சொன்னால்: எண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து, வசனப் பட்டியலுக்கு நான்கு, விளக்கத்துக்கு இரண்டு, வேர்க்குறிப்புக்கு ஒன்று.

அச்சுப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. அச்சில் ஆங்கிலச் சொல்லின் கீழ்தான் வசனங்கள் இருக்கும். 2617 முழுவதையும் சேர்க்க அது மொழிபெயர்க்கப்பட்ட ஒவ்வோர் ஆங்கிலத் தலைப்பாகப் புரட்டி, வரியோரத்தில் 2617 என்று இருப்பதை மட்டும் பொறுக்க வேண்டும். இந்த வேலைக்கு மின்பதிப்பே மேல். ‘விரிவாக்கப்பட்ட’ என்று போட்ட பதிப்புகளில் வேறு அகராதிக்காரர்களின் வரிகளும் கலந்திருக்கும். ஸ்ட்ராங் சொன்னார் என்று எழுதுமுன் எந்த வரி யாருடையது என்று முன்னுரையில் பாருங்கள். புதிய சர்வதேச ஆங்கிலப் பதிப்பின் ஒத்தவாக்கியத்தில் இருப்பது குட்ரிக்-கோலன்பெர்கர் எண்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், வரிசையே வேறு. அந்த எண்ணை ஸ்ட்ராங்கில் போட்டால் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சொல் வந்து நிற்கும்.